அப்பாவின் இறக்கையில் ஒரு விரிசல்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய இடது கையில் மட்டும் முடி இல்லை, பிசினோடு உரிந்து போய்விட்டது. கார் ஷெட்டில் அவர் கட்டும் விமானம் சுகமாக இருக்கிறது, கார் தெருவில் நனைகிறது.

இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், மரச்சட்டத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள், உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், ஃபைபர் கிளாஸ் துணி வாங்க ஒரு சாக்குக் கிடைத்ததே. அந்தத் துணியைப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினால் இரும்பாகிவிடுமாம். பிசினை இறுகவைக்கும் ஹார்ட்னரை ஐயா கண்ணளவிலேயே ஊற்றினார். நாட்கள் போயும் தொட்டால் பிசுபிசுத்தது. ஏங்க, இன்னும் காயலையே என்றேன். உனக்கு இதெல்லாம் புரியாது, போ என்றார். புரியாதவள் போய்விட்டேன். பறக்க அனுமதி தரும் அதிகாரி வந்து நாணயத்தால் இறக்கையைத் தட்டிக்கொண்டே போனார், டங் டங் என்ற சத்தம் ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் பொத் என்றது. உள்ள காத்து நிக்குது சார், இதுல போனா நீங்க மேல போவீங்க, ரெக்கை வராது என்றார். மரியாதையான மனிதர்.

அன்று அப்பா ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார், அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஷெட்டில் போய்ப் பார்த்தால், வித்துடலாம்னு பாக்குறேன் என்கிறார். இத்தனை வருஷமா என் உயிரை வாங்கிட்டு இப்ப விக்கிறீங்களா, எழுந்திரிங்க என்றேன். பழையதை உரித்துத் தேய்த்தோம், சமையலறைத் தராசில் பிசினையும் ஹார்ட்னரையும் நான் நிறுத்தேன், என் தையல் கத்தரிக்கோலால் துணி வெட்டினேன், அவர் உருளையால் குமிழிகளை நசுக்கி வெளியேற்றினார். இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் நாங்கள் ஓரிடத்தில் இருந்தது உன் கல்யாணத்தில்கூட இல்லை.

அதிகாரி மறுபடி தட்டினார், எங்கும் ஒரே சத்தம், கையெழுத்துப் போட்டார். போன சனிக்கிழமை அப்பா பறந்தார். மைதானத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், எனக்குக் கை எழவில்லை, அவர் இறங்கும்வரை இறக்கை சேரும் அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறங்கி வந்து, எப்படி என்றார். சட்டை கசங்கியிருக்கு என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அழுதிருப்பேன்.

இதை அவரிடம் உளறிவிடாதே. அவர் போன் செய்தால் பறந்த கதையை மட்டும் கேட்காதே, அன்றைக்கு முழுக்க உன் வேலை கெட்டுப்போகும். குளிரில் காதை மூடிக்கொள். நோய்நொடி இல்லாமல், கால் தரையில் இருக்க, நிறைவாக வாழ வேண்டும் நீ.

இப்படிக்கு,
விமானத்தில் அப்பாவின் பக்கத்து இருக்கையில் ஏற இன்னும் சம்மதிக்காத
உன் அம்மா