பட்டினத்தில் பார்த்த வீடு

அம்பகரத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சிவப்ரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அதுவும் படி ஏறினால்தான். அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காளியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் சிரிப்பாய், நான் நிறுத்திவிடுவேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு ஓய்வு வேண்டும், கூட்டமும் ஓட்டல் சத்தமும் இல்லாத பழைய மாதிரிக் கடற்கரை ஊராகப் பார்த்து ஒரு வீடு பிடி என்று கேட்டிருந்தாயே, அதற்காகத்தான் அலைந்தேன். காரைக்கால் பீச் சரிப்படாது, திருநள்ளாற்றுக்கு வருகிற கூட்டம் சாமி கும்பிட்ட கையோடு அங்கேதான் வந்து இறங்குகிறது. அப்போதுதான் காரைக்காலுக்குப் பக்கத்திலிருக்கும் பட்டினத்தில் மெஹர் பானு பின்கட்டை வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்டேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், நோன்பு மாதத்தில் உனக்கென்று தூக்கில் கஞ்சி கொடுத்தனுப்புவாள். அவள் வீட்டுக்காரர் காஜா நஜ்முதீன் கடற்கரையில் வலைக்கயிறு கடை வைத்திருந்தார். சுனாமி அன்று காலையில் கடை திறக்கப் போனவர்தான், உடம்புகூடக் கிடைக்கவில்லை. பையன் ஜவஹர் அலி துபாய்க்கு வந்துவிடு வந்துவிடு என்கிறான், இவள் பிடி கொடுக்காமல் தனியாக இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். நீ கேட்ட மாதிரியே வீடு. உயர்ந்த கூரை, வழவழவென்று சிவப்பு சிமெண்டுத் தரை, கொல்லைக் கதவைத் திறந்தால் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். கடலைப் பார்த்த அறையில் காற்று அப்படி வருகிறது. அலையைத் தவிர ஒரு சத்தம் கிடையாது. மாப்பிள்ளை இங்கே படுத்தால் நன்றாகத் தூங்குவார் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். மெஹர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், மதியம் சாப்பாட்டு நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்தக் கூடாது. காற்றுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மீன் சாப்பிட மாட்டேன் என்று எனக்காக சாம்பார் வைத்திருந்தாள். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது கொல்லையில் யாரோ வாளித் தண்ணீரைச் சாய்த்துக் கால் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு காலைக் கழுவி, கொஞ்சம் நிறுத்தி, மறு காலை. வேலைக்காரப் பெண் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. வாளி துவைக்கிற கல்லடியில் நிமிர்ந்தே இருக்கிறது. அங்கிருந்து கொல்லை நிலைப்படி வரைக்கும் ஈரக் காலடி, பெரிய ஆண் பிள்ளைக் கால், படியோடு நின்றுவிட்டது. எனக்குக் கையில் சோறு அப்படியே இருந்தது. மெஹர் எழுந்து, குழந்தை சிந்தியதைத் துடைக்கிற மாதிரி, ஒரு துணியைப் போட்டுத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அவங்கதான் டீச்சர். கடையிலேர்ந்து வந்தா கால கழுவிட்டுத்தான் உள்ள வருவாங்க. பயப்படாதீங்க, படி தாண்ட மாட்டாங்க" என்றாள்.

பயந்தேன்தான், பொய் சொல்வானேன். ஆனால் பயத்தை விட வேறு ஒன்றுதான் பெரிதாக இருந்தது ப்ரியா. அப்பாவை அந்தக் கொரோனாவில் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கொண்டுபோய்விட்டார்கள். உனக்கு விமானம் இல்லை, என்னைக் கிட்டேயே விடவில்லை. அன்றிலிருந்து தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வாசலைப் பார்க்கிறேன். ஒரு தரமாவது வந்தாரா? அவள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது உள்ளே வாங்கன்னு கூப்பிட்டுப் பார்த்தியா மெஹரு என்று கேட்டுவிட்டேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூப்புட்டு வரலன்னா என்ன பண்றது டீச்சர், இப்ப இருக்குறதும் போயிருமே" என்றாள்.

நேற்று சாயங்காலம் அவளே போன் செய்தாள். குரலில் அழுகை எல்லாம் இல்லை. "இன்னைக்கு கூப்புட்டுட்டேன் டீச்சர். உள்ள வாங்க, சோறு ஆறுதுன்னு சொன்னேன்" என்றாள். அப்புறம் என்றேன். ஈரக்கால் படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, கடல் பார்த்த அறை வரைக்கும் போயிருக்கிறதாம். திரும்பி வந்த தடம் இல்லையாம். "தொடைக்கல, அதுவா காயட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு, "ப்ரியாக்கு வீடு தர முடியாது, கோவிச்சுக்காதீங்க. ஜவஹர்ட்டயும் நான் வரலன்னு சொல்லிட்டேன். வீட்ல ஆள் இருக்குல்ல" என்றாள்.

அதனால் அந்த வீடு நமக்கில்லை. வேறு இடம் தேடவும் எனக்கு மனசு ஓடவில்லை. நீங்கள் இங்கேயே வந்துவிடுங்கள். சத்தமில்லாத ஊர்தானே கேட்டாய், இந்த வீட்டில் என் சத்தம்கூடக் கிடையாது. கடலுக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு போய் வரலாம். இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொல்லாதே, உடம்பு தேறட்டும். அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள். குழந்தைக்குக் கொசுக்கடி தாங்காது, முழுக்கை சட்டையாக எடுத்து வை.

இன்று மதியம் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு நானும் வாசலைத் திறந்து வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. நீ வா. இரண்டு பேருமாகச் சேர்ந்து கூப்பிடுவோம், உன் குரல் என்றால் அப்பாவுக்கு எங்கிருந்தாலும் கேட்கும்.

உங்கள் மூவருக்கும் நோய் நொடி அண்டாமல் நீண்ட ஆயுசு கிடைக்க என் ஆசீர்வாதம்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
பங்கஜவல்லி கைலாசநாதன்