லீவுக்கு வந்தவர்களும் உனக்கு வாங்கிய புடவையும்

என் ஆசை அக்காவுக்கு, ஒன்றுமில்லாததற்கெல்லாம் என்னிடம் சண்டைக்கு நிற்கும் அமுதா அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீ சிரிப்பாய். கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குத் தெரியவில்லை. அம்மாவை அங்கே பார்த்தாயா? இங்கே எல்லோரும் நலம். நைனாவின் இருமல் அப்படியேதான் இருக்கிறது. மருந்து குடிக்கச் சொன்னால், "மைன்ஸ் தூசு, அது என்கூடத்தான் வரும்" என்கிறார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல விடியற்காலை ட்ரெயினைப் பிடித்து பெங்களூருக்கு ஓடி, இருட்டின பிறகு திரும்புகிறார். நம் பாலகாட்டு மைன்ஸ் காலனியில் குழாய்த் தண்ணீர் அது நினைத்தபோதுதான் வருகிறது.

சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. உன் பிள்ளைகள் இந்த மே மாதம் லீவுக்கு வந்துவிட்டுப் போனார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவர்களோடு செல்வியும் வந்தாள். செல்வி யாரென்று உனக்குத் தெரியாமல் இருக்காது. நீ போன பிறகு மாமா கட்டிக்கொண்டவள். கல்யாணம் ஓசூரிலேயே ஒரு கோயிலில் முடிந்தது. நாங்கள் போகவில்லை. போக வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை, ஆனால் யாரும் கிளம்பவும் இல்லை.

வருவதற்கு முன்னால் மாமா போன் செய்தார். "இந்த வருசம் அனுப்பறேன் சுமதி. அடுத்த வருசத்துலேர்ந்து கிருஷ்ணகிரிக்கு போவாங்கன்னு நெனைக்கிறேன். செல்வி வீட்லயும் பசங்கள ஆசையா கூப்புடறாங்க. அம்மா வீட்டுக்குத்தான லீவுக்கு போவணும்?" என்றார்.

மாமா மனதில் சூதுவாது இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் போனை வைத்த பிறகு அந்த வார்த்தை என்னை விடவில்லை. நந்தினிக்கும் பாபுவுக்கும் அம்மா வீடு இதுதானே? நீ பிறந்து வளர்ந்த, தகரம் போட்ட இந்தக் குவார்ட்டர்ஸ் வீடுதானே? நீ இல்லையென்றால் அம்மா வீடு வேறு ஊருக்கு மாறிவிடுமா? நைனாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "வர்றப்ப வரட்டும்" என்றார். அன்றைக்கு அவர் சாதத்தைப் பிசைந்தாரே தவிர சாப்பிடவில்லை.

இதுதான் கடைசி லீவு என்ற நினைப்போடுதான் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போனேன். செல்வியின் இடுப்பில் பாபு உட்கார்ந்திருந்தான். இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இடுப்பு என்ன என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அவன் அவளை அம்மா என்கிறான். நீ போகும்போது அவன் கைக்குழந்தை, உன் முகம் அவனுக்கு எப்படி நினைவிருக்கும்? நந்தினி அப்படியில்லை. செல்வியை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நேர் எதிரே போய் நின்றுகொண்டு பேசுகிறாள். கூப்பிடாமலே குடும்பம் நடத்தியிருக்கிறாள். உன் பெண் வேறு எப்படி இருப்பாள்!

குடியாத்தத்திலிருந்து அத்தையும் வந்து சேர, வீடு ஜேஜே என்று ஆகிவிட்டது. நந்தினியிடம் பள்ளிக்கூடத்தில் யாரோ, உங்கள் தாத்தா ஊரில் மண்ணைத் தோண்டினால் தங்கம் என்று சொல்லிவிட்டார்கள். வந்த மறுநாளே அவளும் பாபுவும் என் பையன் தருணும் ஆளுக்கொரு கரண்டியோடு கொல்லையில் இறங்கிவிட்டார்கள். நைனா தடுப்பார் என்று பார்த்தால், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மேல வா! செகண்ட் ஷிஃப்ட் எறங்கு!" என்று கத்துகிறார். ஷிஃப்ட் முடித்தவனுக்கு ஒரு மாம்பழம். பாபு எத்தனை ஷிஃப்ட் பார்த்தான் என்பது அவன் வயிற்றுக்குத்தான் தெரியும். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கறிவேப்பிலைச் செடி போயே போய்விட்டது. தங்கம் கிடைக்காத கோபத்தில் அவன் தூரத்திலிருந்த சைனைடு மேட்டைக் காட்டி, அதைத் தோண்டலாம் என்றான். "அது தங்கத்த எடுத்துட்டு கொட்டன மண்ணுடா. அதுல காலு வெச்சீங்க, தோல உரிச்சிடுவேன்" என்றாள் அத்தை. நைனா சிரித்தார். அவர் அப்படி இருமாமல் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லோரும் பேத்தமங்கலா ஏரிக்குப் போனோம். பிரியாணி கட்டிக்கொண்டு போனோம், கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், பிள்ளைகள் துணியெல்லாம் சேறாக்கினார்கள். திரும்பும் வழியில் பாபு வேனிலேயே வாந்தி எடுத்தான். நான் பையைத் தேடுவதற்குள் செல்வி இரண்டு கையையும் ஏந்திவிட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிள்ளைகள் ஊருக்குப் போவதற்குள் உனக்குப் படையல் போட்டுவிட வேண்டும் என்றார் நைனா. பூவும் பொட்டுமாகப் போனவள் நீ. நம் வழக்கப்படி இந்த வீட்டைக் காக்கும் பூவாடைக்காரி. புடவை வாங்க நந்தினியைக் கூட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். மயில் கழுத்து நிறம், அவள்தான் கை வைத்தாள். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டுமல்லவா? அந்த ஒருத்தி நான்தான் என்று நானே முடிவு செய்து, பொருத்தமான ஜாக்கெட்டைக்கூடத் தேடி வைத்துவிட்டேன். சிரிக்காதே.

செல்வியிடம், "இன்னிக்கு சாமி கும்புடறோம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். எந்தச் சாமி என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர்கள் பக்கத்தில் பூவாடைக்காரி கும்பிடும் வழக்கமும் இல்லையாம். காலையில் புடவை, ரவிக்கைத் துணி, வளையல், மஞ்சள், குங்குமம், மல்லிகைப் பூ எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, உள்ளறைக் கட்டிலில் வைத்துவிட்டு நானும் அத்தையும் வடை சுட உட்கார்ந்தோம். குளித்துவிட்டு வந்த செல்வி அந்த அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது உன் புடவையில் வந்தாள் அக்கா.

மயில் கழுத்துப் புடவை. கையில் உன் வளையல், தலையில் உன் பூ. நேராக நைனாவிடம் போய்க் காலில் விழுந்து எழுந்து, "ரொம்ப நல்லா இருக்குதுப்பா. எதுக்குப்பா இதெல்லாம்?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாணமாகி முதல் தடவை வரும் பெண்ணுக்குத் தட்டில் புடவையும் பூவும் வளையலும் வைத்துக் கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். செத்துப்போன சுமங்கலிக்கு வைப்பதும் அதே தட்டு, அதே புடவை, அதே பூ. செல்வியின் பெட்டி இருந்த அறையில், அவள் படுத்த கட்டிலில் அது இருந்தால் தனக்கென்று நினைக்காமல் வேறு எப்படி நினைப்பாள்? நியாயப்படி அவளுக்கும் ஒன்று எடுத்திருக்க வேண்டும். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

அத்தை ஜல்லிக் கரண்டியோடு வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். சொன்னால் என்ன ஆகும்? மூத்தாளுக்கு வைத்த புடவையைக் கட்டிவிட்டோம் என்று செல்வி மனதில் பயம் புகுந்தால் போதும். நாளைக்குப் பாபுவுக்குத் தலைவலி வந்தாலும் அது உன் கோபம் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அவள் இந்த வாசலை மிதிப்பாளா, பிள்ளைகளைத்தான் அனுப்புவாளா? சொல்லாமல் மறைக்கவும் வழியில்லை. கொல்லைக் கதவருகே நந்தினி நின்றுகொண்டிருந்தாள்.

"அது எங்கம்மாவுக்கு வாங்கனது" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள்.

செல்விக்கு முதலில் புரியவில்லை. சுவரில் உன் படத்துக்குப் போட்டிருந்த புது மாலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, தெரியாம கட்டிகினேன்க்கா. இப்பவே அவுத்துடறேன்" என்று உள்ளே ஓடப் பார்த்தாள்.

"இரும்மா" என்றார் நைனா. "மைன்ஸ்ல ஆள எறக்கற கேஜ் கெளம்பிட்ச்சின்னா, நடுவுல எறங்க முடியாது. கட்டிகினது கட்டிகினதாவே இருக்கட்டும். நல்லாத்தான் கீது."

அவர் வாழ்நாளில் ஒரு புடவையைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னாண்ணா பேசற நீ?" என்று அத்தை எகிறினாள். "ஒருத்தி கட்டின பொடவைய படைக்க முடியுமா? அமுதாவுக்கு இன்னாத்த வெக்கறது?"

"வேற ஒண்ணு வாங்கினு வாங்க. கடை இன்னா ஓடியா போவுது?"

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். செல்வி அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "அக்கா, அவங்களுக்கு கோவம் வருமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் கட்டிக்கொள்ள இருந்த புடவை அது. ஆனால் அவள் உள்ளங்கையைப் பிசைந்துகொண்டு நின்ற நிற்பைப் பார்த்தால் கல்லும் கரையும். உனக்குப் பதிலாக நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தெய்வம், அவளுக்குக் கோபமே வராது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உன்னை எனக்குத் தெரியாதா?

"வரும். நல்லா வரும்" என்றேன். "ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சுகினு பேச மாட்டா. மூணாம் நாளு, இன்னாடி இது ஜாக்கெட் இப்டி தொளதொளன்னு கீதுன்னு அவளே புடிச்சு தெச்சு குடுப்பா. அவ்ளோதான் அவ கோவம்."

செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் சரியாகத்தானே சொன்னேன்?

அடுப்பை அத்தையிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். நான், செல்வி, நடுவில் நந்தினி. கடையில் புடவைகளை எடுத்துப் போட்டுக்கொண்டே, "யாருக்கும்மா பாக்கறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வி வரும். எங்களுக்குத்தான் என்று ஏதோ சொல்லி மழுப்பிவிடுவேன். இந்தத் தடவை நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி சொன்னாள்:

"எங்க அக்காவுக்குங்க. என்னவிட நல்ல கலரு. எடுப்பா இருக்கற மாதிரி காமிங்க."

எனக்குச் சுருக்கென்றது அக்கா. உன்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் உரிமை என்று நினைத்திருந்தேன். யாருடி நீ, என் அக்காவை அக்கா என்பதற்கு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வந்த கோபம் நிலைக்கவில்லை. நீ போன நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சுவரைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொருத்தி வாயிலும் அது வந்தபோது, எப்படிச் சொல்வது, நீ வீட்டில்தான் இருக்கிறாய், நாங்கள்தான் கடைக்கு வந்திருக்கிறோம் என்பது போல ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

நந்தினி குவியலிலிருந்து ஒரு மாம்பழ நிறப் புடவையை உருவினாள். செல்விக்கு எதிரே போய் நின்று, "இதுல முந்தானி நல்லா இருக்குதா?" என்று கேட்டாள். கூப்பிடவில்லை. ஆனால் என்னிடம் கேட்காமல் அவளிடம் கேட்டாள்.

படையல் மதியத்துக்கு மேல்தான் நடந்தது. பாபு படைப்பதற்கு முன்பே ஒரு வடையைத் தின்றுவிட்டு அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அழுதுகொண்டே உன் படத்தைக் காட்டி, "அவங்க யாரு?" என்றான். செல்வி அவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, "அவங்களும் அம்மாதான், கும்புடு" என்றாள். அவனும் எண்ணெய்க் கையோடு கும்பிட்டான். மாம்பழ நிறப் புடவையை நான் கட்டிக்கொண்டேன். அது எனக்குப் பொருந்தவில்லை என்று நீ சொல்வாய். கட்டிக்கொண்டேன்.

கூட்டிப் போக மாமா வந்திருந்தார். ஸ்டேஷனில் நைனாவிடம் தயங்கித் தயங்கி, "அப்ப, அடுத்த வருசம் பசங்க கிருஷ்ணகிரிக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அங்க காலாண்டு லீவுல போய்க்கலாம்" என்றாள் செல்வி, பாபுவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே. "மே மாசம் அக்காவுக்கு படையல் போடணும். பசங்க இல்லாம எப்படி?"

மாமா சரியென்று தலையாட்டினார். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்றார். வண்டி நகர்ந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த மே மாதம் இரண்டு தட்டு வைப்பேன் அக்கா, இது சத்தியம். உனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. எது யாருடையது என்று அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே வாய்விட்டுச் சொல்வேன், எந்தச் சாமியைக் கும்பிடுகிறோம் என்பதையும் சேர்த்து. நீ வந்து உன்னுடையதை வாங்கிக்கொள். அவளுடையதில் கண் வைக்காதே.

உன் இரண்டு தங்கைகளில் பெரியவள்,
சுமதி