பதினொரு பள்ளிகளைச் சுற்றி வந்த ஒரே ஆய்வகம்

அனுப்புநர்:
சரக்கு வேன் ஓட்டுநர் (சொந்த வண்டி),
அரசு மேல்நிலைப் பள்ளிக்கு எதிர் வரிசை, நான்காம் வீடு.
(அதே பள்ளியில் பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவில் படிக்கும் மாணவியின் தந்தை)

பெறுநர்:
மாண்புமிகு தலைவர் அவர்கள்,
மனுக்கள் குழு,
சட்டமன்றப் பேரவை.

பொருள்: கல்வி மானியக் கோரிக்கை – எங்கள் வட்டத்துப் பள்ளிகளின் ஆய்வகங்கள் – அவையில் இரு தரப்பிலும் சொல்லப்பட்டவை உண்மைக்கு மாறானவை – வாக்கெடுப்புக்கு முன் பதினொரு பள்ளிகளையும் ஒரே நேரத்தில் நேரில் பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கடந்த புதன்கிழமை நடந்த கல்வி மானிய விவாதம். 2. அவையில் வைக்கப்பட்ட பள்ளித் தர ஆய்வறிக்கையும் அதன் படத் தொகுப்பும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த புதன்கிழமை பிற்பகல், பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்று விவாதத்துக்கு இடையூறு செய்ததாக வெளியேற்றப்பட்ட நபர் நான்தான். எழுந்து நின்றதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். சொல்ல வந்த விஷயத்துக்கு வருத்தம் இல்லை. என் தோளில் கை வைத்து வெளியே அழைத்து வந்த அவைக் காவலர் மரியாதை தெரிந்தவர். "அண்ணே, உள்ள நீங்க பேச முடியாது. எழுதிக் குடுத்தீங்கன்னா அவங்க படிச்சுத்தான் ஆகணும்" என்று வழியும் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

2. எங்கள் வட்டத்தில் பதினொரு அரசு மேல்நிலைப் பள்ளிகள் உள்ளன. சென்ற பருவத்தில் ஆய்வாளர்கள் இருவர் நாளுக்கு ஒரு பள்ளி வீதம் பதினொரு நாட்கள் வந்து பார்த்தனர். எந்த நாளில் எந்தப் பள்ளி என்பது சுற்றறிக்கையில் முன்னதாகவே வந்துவிட்டது. அந்தப் பதினொன்றில் ஆய்வகம் என்று வாய்விட்டுச் சொல்லத்தக்கது முதல் பள்ளியில் மட்டுமே இருந்தது. அங்கிருந்த நுண்ணோக்கி ஒன்று, ஆள் உயரப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று, கண்ணாடிக் குடுவைகள் நான்கு பெட்டி, தராசுகள் இரண்டு, சுவர்ப் படங்கள் ஆறு ஆகியவற்றை ஆய்வாளர்கள் கிளம்பியதும் ஏற்றி, மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் அடுத்த பள்ளியில் இறக்கி வைத்தவன் நான். இப்படிப் பத்துப் பள்ளிகள். கடைசியில் எல்லாவற்றையும் முதல் பள்ளிக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கூலியும் வாங்கிக்கொண்டேன். காதும் காதும் வைத்தாற்போல் நடந்த இந்தக் காரியத்தில் என் பங்கை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. என் மனைவியும், "எழுதறதுன்னா உங்க பங்கையும் சேர்த்து எழுதுங்க. பாதி எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

3. தலைமையாசிரியர்கள் இதை ஆதாயத்துக்காகச் செய்தார்கள் என்று குழு நினைத்துவிடக் கூடாது. எங்கள் பள்ளித் தலைமையாசிரியை அம்மாவிடம் குடுவைப் பெட்டிகளை இறக்கும்போதே, இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டேன். அவர் கையில் துடைக்கும் துணியோடு, தாமே மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இல்லைன்னு காட்டினா தரமில்லாத பள்ளின்னு மூடிடுவாங்க, தம்பி. இருக்குன்னு காட்டினா ஒரு வருஷமாவது தப்பிக்கலாம்" என்றார். பத்துப் பேர் தத்தம் பள்ளியைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள், முதல் பள்ளிக்காரர் இரவல் கொடுத்து உதவினார். இருக்கிறது என்று பதினொரு இடத்தில் எழுதிவிட்டால் எந்தப் பள்ளிக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை என்று அவை முடிவெடுக்கும் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

4. எலும்புக்கூடு பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது சாட்சி. பின்பக்கம் படுக்க வைத்தால் உடைந்துவிடும் என்று முன் இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, அதன் மடியில் நுண்ணோக்கியை வைத்துத்தான் ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளியிலும் அதற்காக வாசலில் ஆட்கள் காத்திருந்ததால் காவலாளிகள் அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளை கிளம்பியாச்சா, மாப்பிள்ளை எங்கே வருகிறார் என்று தொலைபேசியில் கேட்பார்கள். நானும் சிரித்தேன். இரண்டாம் பள்ளியிலிருந்து மூன்றாம் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கியதில் மாப்பிள்ளையின் இடது சுண்டுவிரல் உடைந்துவிட்டது. விரலை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். அந்தக் குலுக்கலில் வேறு ஒன்றும் கழன்று விழுந்தது எனக்கு அப்போது தெரியாது. ஒரே எலும்புக்கூட்டைப் பதினொரு நாள் சந்தித்தும் ஆய்வாளர்களுக்கு அடையாளம் தெரியாமல் போனதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து அதற்கு ஒரு விரல் குறைவு.

5. ஆய்வில் எங்கள் பள்ளி ஆறாவது. மாணவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே எல்லாப் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது: "வெங்காயத் தோலின் செல்கள் தெரிகின்றன, ஐயா." எங்கள் பள்ளியில் பார்க்க அழைக்கப்பட்ட மாணவிக்கும் அது மனப்பாடம்தான். ஆனால் அந்தப் பெண் அதுவரை நுண்ணோக்கியைப் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்தவள். ஆசையாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "ஒண்ணும் தெரியல சார். இருட்டா இருக்கு" என்றாள். ஆய்வாளர் எழுதிக்கொண்டு போனது அறிக்கையின் ஆறாம் பள்ளிப் பக்கத்தில் இருக்கிறது: "கருவி நல்ல நிலையில் உள்ளது. இருட்டாக இருப்பதாகச் சொன்ன மாணவிக்குப் பார்த்துச் சொல்லும் திறன் இல்லை."

6. புதன்கிழமை விவாதத்தைக் காண ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு மாணவரும் துணைக்கு ஒரு பெற்றோரும் அழைக்கப்பட்டிருந்தோம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்கள், எங்கள் வட்டத்தில் பதினொரு பள்ளிகளிலும் முழுமையான ஆய்வகம் இருப்பதால் கருவிகளுக்கான ஒதுக்கீடு தேவையில்லை என்றார். எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் எழுந்து, இத்தனை வசதி இருந்தும் தேர்ச்சி குறைவு என்றால் பிள்ளைகளின் தரம்தான் கோளாறு என்றார். ஒருவர் எல்லாம் இருக்கிறது, அதனால் பணம் வேண்டாம் என்கிறார். மற்றவர் எல்லாம் இருக்கிறது, அதனால் பிள்ளைகள் மக்கு என்கிறார். இருவரும் பேசிக்கொண்டிருந்தது என் வேனில் ஏறி இறங்கிய சாமான்களைப் பற்றி. பக்கத்திலிருந்த என் மகள் என் காதருகே குனிந்து, "அப்பா, அவங்க எல்லாரும் உங்க வண்டியப் பத்தித்தான் பேசறாங்க" என்றாள். அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு அந்த உறுப்பினர் சான்று காட்டுவதாகச் சொல்லி, ஆறாம் பள்ளிப் பக்கத்தைப் படித்தார். நுண்ணோக்கியின் முன் நிறுத்தினால் இருட்டாக இருக்கிறது என்று சொல்லும் மாணவியைப் பற்றிப் படித்தார். அவை சிரித்தது. அமைச்சர் அவர்கள், "கருவியை அரசு தரும், கண்ணையுமா அரசு தர முடியும்?" என்றார். இரு பக்கமும் மேசையைத் தட்டிச் சிரித்தன. அன்று பகல் முழுவதும் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான். அந்த மாணவி என் மகள், ஐயா. அவர்களுக்கு நேர் மேலே, மாடத்தின் முதல் வரிசையில், சீருடையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் எழுந்து நின்றேன்.

7. சிரிப்போடு போயிருந்தால் நான் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பேன். மாணவர் தரம் குறைந்ததாகக் காணப்பட்ட பள்ளிகளில் அறிவியல் பிரிவு வரும் கல்வியாண்டு முதல் நிறுத்தப்படும் என்றும், எங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் முதலாவது என்றும் அதே விவாதத்தில் அறிவிக்கப்பட்டது. என் மகளுக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு மீதம் இருக்கிறது. அவளோடு முப்பத்தொரு பிள்ளைகள் அந்தப் பிரிவில் படிக்கிறார்கள். அறிவியல் தொடர வேண்டுமானால் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும், அல்லது இருக்கும் வேறு பிரிவில் சேர்ந்துகொள்ள வேண்டும். அதில் பெரும்பாலான வீடுகள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும்.

8. ஆத்திரம் வந்தால் வண்டி கழுவுவது என் பழக்கம். வியாழக்கிழமை காலை முன் இருக்கையையே கழற்றிப் போட்டுக் கழுவினேன். இருக்கைத் தண்டவாளத்தின் இடுக்கில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டக் கண்ணாடி கிடந்தது. என் வண்டியில் அப்படி ஒரு கண்ணாடி கிடையாது. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளிடம் காட்டினேன். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பையிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்து, நுண்ணோக்கியின் படத்தில் அடிப்பக்கம் இருந்த ஒரு வட்டத்தில் விரலை வைத்தாள். "வெளிச்சத்தத் திருப்பி மேல அனுப்பற கண்ணாடிப்பா இது. இது இல்லாம எப்படித் தெரியும்?" என்றாள். முதல் நாள் மாலையிலிருந்து அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

9. வெள்ளிக்கிழமை சட்டமன்ற நூலகத்துக்குப் போய் ஆய்வறிக்கையின் படத் தொகுப்பைப் பார்த்தேன். நூலகர் என்னைத் தடுக்கவில்லை. முதல் இரண்டு பள்ளிகளின் படங்களில் எலும்புக்கூட்டுக்குப் பத்து விரல்கள், நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணாடி. மூன்றாம் பள்ளி முதல் பதினோராம் பள்ளி வரை ஒன்பது படங்களில் ஒன்பது விரல்கள், கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் வளையம். பக்கத்தில் அறிக்கையின் வாசகங்களைப் படித்தேன். அந்த ஒன்பதில் எட்டுப் பள்ளிகளில் பார்க்க அழைக்கப்பட்டவர்கள், ஒரு சொல் பிசகாமல், "வெங்காயத் தோலின் செல்கள் தெரிகின்றன, ஐயா" என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டுக்கும் ஆய்வாளர்கள் "நன்று" என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூடத் தாம் குனிந்து ஒரு தடவை பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர்களுக்கும் இருட்டாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார்கள். "நன்று" என்று எழுதியவர்கள் மேல் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை.

10. எனவே குழுவிடம் நான் பணிவாகவும் உறுதியாகவும் கேட்டுக்கொள்வது:

(அ) வரும் வியாழக்கிழமை வாக்கெடுப்புக்கு முன், பதினொரு பள்ளிகளையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். குழுவில் பதினொரு உறுப்பினர்கள் இருப்பதாக அறிகிறேன், ஆளுக்கு ஒரு பள்ளி. சுற்றறிக்கை வேண்டாம். அன்று என் வண்டி சட்டமன்ற வாசலில் காலியாக நிற்கும், சாவியை அவைக் காவலரிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

(ஆ) பார்த்து முடிக்கும்வரை ஒதுக்கீட்டைக் குறைப்பதையும் அறிவியல் பிரிவுகளை நிறுத்துவதையும் தள்ளிவைக்க வேண்டும். இல்லாத கருவிகளை வைத்துப் பிள்ளைகளின் தரத்தை அளந்திருக்கிறார்கள். கருவிகளைக் கொடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து வந்து எவ்வளவு கண்டிப்பாக வேண்டுமானாலும் அளக்கட்டும். எங்கள் பிள்ளைகள் தேறுவார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

(இ) தலைமையாசிரியர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம். இல்லை என்று சொன்னால் பள்ளியை மூடுவார்கள் என்ற பயம் போனால் அவர்களே உள்ளதைச் சொல்வார்கள். யாரையாவது விசாரித்தே தீர வேண்டுமென்றால் என்னிலிருந்து தொடங்கலாம். முகவரி மேலே உள்ளது.

(ஈ) புதன்கிழமை அவைக்குறிப்பில் என் மகளைப் பற்றி வாசிக்கப்பட்டதை நீக்க வேண்டாம். "சிரிப்பு" என்று அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருப்பார்கள், அதுவும் இருக்கட்டும். அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும்: அன்று அந்த நுண்ணோக்கியில் கண்ணாடி இல்லை, உள்ளே இருட்டாகத்தான் இருந்தது, மூன்றாம் பள்ளி முதல் அதில் குனிந்து பார்த்து உள்ளதைச் சொன்னது அந்த மாணவி ஒருத்தி மட்டுமே.

அவளை வைத்துச் சிரித்த அவையே அந்த வரியையும் வாசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அது வாசிக்கப்படும் அன்று மாடத்தில் அவள் மறுபடியும் உட்கார்ந்திருப்பாள். நான் எழுந்து நிற்க மாட்டேன்.

இணைப்பு: 1. வட்டக் கண்ணாடி ஒன்று, துணியில் சுற்றியது (முதல் பள்ளிக்குச் சொந்தமானது, பார்த்த பின் அங்கு சேர்க்கவும்). 2. பிளாஸ்டிக் சுண்டுவிரல் ஒன்று (மேற்படி).

இதில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்று,

(ஒப்பம்)
சரக்கு வேன் ஓட்டுநர்,
ஆறாம் பள்ளி மாணவியின் தந்தை.

இடம்: பள்ளிக்கு எதிர் வரிசை
நாள்: சனிக்கிழமை, வாக்கெடுப்புக்கு ஐந்து நாட்கள் முன்பு