மாடியைக் கேட்டுவிட்டு

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் சுகத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் ஃபோனில் எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்று ஒரே பதிலைச் சொல்கிறாய், அதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடிவதில்லை. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நாம் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி அவர் காதுபடப் பேச எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் கடிதம். வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளாகியும் உன்னை வாலு என்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள், கை பழகிவிட்டது.

போன வாரம் நீ அனுப்பியதில் இரண்டு சங்கதி இருந்தன. ஊர் நடுவில் ஒரு வீடு வாடகைக்கு வந்திருக்கிறது, கீழே எல்லாம் கடைகள், எந்நேரமும் ஆள் நடமாட்டம், உனக்குப் பிடித்திருக்கிறது, எடுக்கலாமா என்பது ஒன்று. நாங்கள் மட்டும் இந்த இரைச்சல் பிடித்த தெருவைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே உள்ள நம் சொந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும், அப்பாவுக்கு அமைதிதான் முக்கியம் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய், உனக்கு ஊர் நடுவில் வீடு வேண்டும், எங்களுக்குக் கூடாது. இரண்டாவது உன் யோசனை இல்லை, உன் அத்தையுடையது என்று எனக்குத் தெரியும். அத்தை இங்கே ஒரு தடவை வந்து அரை மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, தம்பியைக் கொண்டுவந்து இரும்புக் கடைக்குள்ள போட்டுட்டியே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். உன்னிடம் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

அத்தை சொன்னதில் பொய்யில்லை. இந்த வீட்டை எடுத்ததில் நான் செய்த தப்பு நான் மட்டும்தான் செய்யக்கூடியது, உனக்கு வீடு பார்க்க உதவும் என்பதால் எழுதுகிறேன், ஆஃபீசில் யாருக்கும் சொல்லவில்லை. பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கையும் பேச்சும் போன பிறகு, ஆஸ்பத்திரிக்கும் என் ஆஃபீசுக்கும் நடக்கும் தூரத்தில் ஒரு வீடு வேண்டும் என்று தேடினேன் அல்லவா, இது கிடைத்ததும் உடனே எடுத்துவிடவில்லை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து பார்த்தேன். குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது, சுவரில் ஈரம் ஊறுகிறதா, மாடிப்படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி ஆடாமல் இருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். வெயில் எந்த ஜன்னலில் எப்போது விழுகிறது என்றுகூடப் பார்த்தேன். தெரு அப்படியொரு அமைதி, ஒரு நாய் நடு ரோட்டில் நீட்டிப் படுத்திருந்தது. ஆனால் எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான், அதனால் நான் வந்து பார்த்த மூன்று நாளும் ஞாயிறு. தெருவில் இருப்பதெல்லாம் குழாய், தகரம், பெயின்ட், கம்பி விற்கும் மொத்தக் கடைகள், அவற்றுக்கும் லீவு ஞாயிற்றுக்கிழமைதான். மாதிரிக் கணக்கெடுப்பு எப்படி எடுக்க வேண்டும் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுக்கிறவள் நான். வேளையை மாற்றி மாற்றிப் பார்த்தேனே தவிர, கிழமையை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் தெரிந்தது. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே போகும் சத்தத்தில் அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தகரத்தை இறக்குகிறார்கள், கம்பியை இழுக்கிறார்கள், அதற்கு நடுவில் கீழேயிருந்து யாரோ ஒருவர், மாடி, மாடி, வரலாமா என்று கத்துகிறார். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். சாத்திக் கொஞ்ச நேரத்தில் இரண்டு லாரிகள் எங்கள் வீட்டுக்குக் கீழே மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன, பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்கின்றன, இரண்டு டிரைவரும் ஒருவரையொருவர் திட்டுவதை விட்டுவிட்டு எங்கள் பால்கனியைப் பார்த்துத் திட்டுகிறார்கள்.

விசாரிக்கக் கீழே போனேன். வீட்டுக்காரம்மா கீழே பட்டன், ஜிப், நூல் விற்கும் கடை வைத்திருக்கிறார், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற ரகம். அவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. இந்தத் தெரு முழங்கை மாதிரி நடுவில் மடங்குகிறது, ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் போக முடியும், இந்த முனையில் இருப்பவருக்கு அந்த முனை தெரியாது. மடங்கும் இடத்தில் இருப்பது எங்கள் வீடு, எங்கள் பால்கனியிலிருந்து மட்டும் இரண்டு முனையும் தெரியும். ஆகவே உள்ளே நுழையும் முன்னால் எல்லோரும் மேலே பார்த்து மாடியைக் கேட்பார்கள், மாடியில் குடியிருப்பவர் எட்டிப் பார்த்து வா என்றோ நில் என்றோ சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் பல் செட் செய்பவர் ஒருவர் இருந்தாராம், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பல்லை ராவிக்கொண்டே பதில் சொல்வாராம். அக்ரிமென்ட்டில் இப்படி ஒன்றும் எழுதவில்லையே என்றேன். குழாயில தண்ணி வரும்னும்தான் எழுதல, வருதில்ல என்றார். தெருக்காரர்கள் சேர்ந்து திருப்பத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளலாமே என்றேன். நிறுத்திப் பாத்தோம்மா, அவன் டீக்கடையிலேயே நின்னான் என்றார். எனக்கு வந்த கோபத்தில், இதே மாடியில் இருக்கும் பின்பக்கத்து வீடு எப்போது காலியாகிறதோ அப்போதே எங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

நான் ஆஃபீசுக்குப் போன பிறகு நடந்ததெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். காற்று வருகிறதே என்று அப்பாவின் நாற்காலியைப் பால்கனியில் போட்டுவிட்டுப் போவேன். கீழே இருப்பவர்களுக்கு அவரால் பேச முடியாது என்பது தெரியாது, அவர்கள் பாட்டுக்கு மாடி வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார், மரியாதை தெரியாத ஆள் என்று தெருவில் பேர் வாங்கியாயிற்று. பிறகு ஒரு நாள் இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லியிருக்கிறார், லாரி நின்றிருக்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு தடவை ஒரு பெண் வருகிறாளே, அவள் குடை, பூனை, கதவு என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சொல்லச் சொல்லுவாள். அவள் நல்ல பெண், பொறுமைசாலி. ஆனால் வாழ்நாள் முழுக்க இன்ஷூரன்ஸ் விற்றவரிடம் பூனை சொல்லுங்க அங்கிள் என்றால் அவர் சுவரைப் பார்ப்பாரே தவிரச் சொல்ல மாட்டார். உனக்கு நினைவிருக்கும், பழைய வீட்டில் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் தெருவே கதவைச் சாத்தும். இங்கே தெருவே நிமிர்ந்து அவரைக் கூப்பிடுகிறது.

முதலில் வந்த சொல் வாவும் இல்லை, நில்லும் இல்லை. அவர் கையைக் காட்டியும் மதிக்காமல் ஒரு மூன்று சக்கர வண்டிக்காரர் உள்ளே நுழைந்து, எதிரே வந்த பெயின்ட் லாரியில் மாட்டிக்கொண்டார். அன்று எனக்கு அரை நாள் லீவு, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். பால்கனியிலிருந்து ஒரு வசவு கேட்டது, முழுசாக, ஓர் எழுத்துகூடச் சிதையாமல். கையில் இருந்த சட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன், உன் அத்தை அப்படியொரு சொல் தம்பிக்குத் தெரியும் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். பயிற்சிப் பெண்ணிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், அவள் சிரித்துவிட்டு, திட்டு முதல்ல வர்றது சகஜம்தான் ஆன்ட்டி, அதையே பிடிச்சு மேல ஏறலாம் என்றாள். அடுத்த தடவை அட்டைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள், அப்பாவோடு பால்கனியில் உட்கார்ந்து லாரி வரும்போதெல்லாம் முதலில் அவரைச் சொல்ல விட்டாள். இப்போது வா வருகிறது, நில்லு வருகிறது, இரு வருகிறது, பின்னால போ என்பதும் பாதிக்கு மேல் வருகிறது. கீழே அவரை மாடி சார் என்று கூப்பிடுகிறார்கள். டீக்கடைக்காரர், மாடி சார் இறங்கி வந்தாத்தான் டீ, மேல அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இடது பக்கக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போகிறார், நான் பின்னாலேயே போகிறேன், என்னைப் பின்னால போ என்கிறார்.

இந்தத் தெருவுக்கு வந்துதான் குணமாகிறது என்று நான் சொல்லவில்லை. முதல் ஆறு மாதத்தில் பேச்சு தானாகவே கொஞ்சம் திரும்பும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். பழைய வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு இன்னோர் அப்பா இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன, அதற்கு மேல் சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது. அதோடு கவலையும் இருக்கிறது. வலது கை இன்னும் ஸ்பூனைப் பிடிக்க மறுக்கிறது, புழுதியில் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது, சாயங்காலம் ஷட்டர்கள் இறங்கும் வரை ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடிவதில்லை.

அதனால் போன வாரம் வீட்டுக்காரம்மா சாவியோடு வந்து, பின்பக்கத்து வீடு காலியாயிடுச்சு, வந்து பாருங்க என்றபோது நான் உடனே சரி என்றேன். இந்தத் தடவை புதன்கிழமை, வேலை நாள், ஆஃபீசுக்கு அரை நாள் லீவு போட்டு, நன்றாக விசாரித்துவிட்டுத்தான் போனேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வீடு எனக்குப் பிடித்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஒரு வெள்ளைச் சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி, சத்தமே இல்லை. அந்த அறையில் நின்றபோதுதான் இத்தனை மாதமாக எனக்கு எவ்வளவு அசதி என்று எனக்கே தெரிந்தது. மேஜையை எங்கே போடலாம் என்றுகூடப் பார்த்துவிட்டேன். அப்பா ஜன்னலருகே போய் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், பழைய வீட்டில் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அதே மாதிரி. அப்போது முன்பக்கமிருந்து லேசாகக் கேட்டது, மாடி சார், வரலாமா சார். அப்பா திரும்பினார். தடியை ஊன்றிக்கொண்டு வராண்டா வழியாக எங்கள் வீட்டுக்கு நடந்தார், அவருடைய வேகத்தில்தான், அதற்குள் கீழே இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். நானும் வீட்டுக்காரம்மாவும் அந்தக் காலி அறையிலேயே நின்றோம். நில்லு என்று அவர் குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, நில்லு, ஸ்கூல் வண்டி வருது என்று வந்தது. நில்லைத் தவிர்த்தாலும் மூன்று சொல் சேர்ந்து வந்த வாக்கியம், அவர் வாயிலிருந்து, பக்கவாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் வாக்கியம்.

நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரம்மா முகத்தில் வருத்தமே இல்லை, நல்லதாப் போச்சு, தையல்காரருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துட்டேன், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன் என்றார். பிறகு ஏன் கூட்டிவந்து காட்டினீர்கள் என்று கேட்டதற்கு, கேட்டிருந்தீங்களே, காட்டாம இருந்தா மரியாதையா இருக்குமா என்றார். ஆக, இங்கேயே இருக்கப் போகிறோம். ஊருக்கு வெளியே உள்ள வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். அத்தைக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே.

இன்னொன்று, நீ மனசில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பது. நீ ஃபோன் செய்யும்போதெல்லாம் அப்பா கையை ஆட்டி வேண்டாம் என்கிறார், அவர் குரலை நீ கேட்டு ஏழெட்டு மாதமாகிறது. அவருக்கு உன்மேல் கோபமில்லை. உன் பெயர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்கிறது. வாலு என்று சொல்லுங்களேன் என்றேன், அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. பெயர்கள்தான் கடைசியில் வரும் என்று பயிற்சிப் பெண் சொல்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் உன்னிடம் பேச அவருக்கு வெட்கம், அதை நீ வெட்கம் என்றே எடுத்துக்கொள், வேறெதுவும் இல்லை.

உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எடுக்காதே என்று சொல்லப் போவதில்லை, சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டேன். வேலை நாளில் ஒரு தடவை, லீவு நாளில் ஒரு தடவை போய்ப் பார். மழை பெய்தால் மழையில் ஒரு தடவை பார். பூட்டு உள்ளேயிருந்தும் போடும்படி இருக்கிறதா என்று பார். உனக்கு முன்னால் அங்கே யார் குடியிருந்தார், என்ன செய்தார், ஏன் போனார் என்று கேள், வீட்டுக்காரரிடம் கேட்காதே, கீழே கடையில் கேள். அந்த வீட்டில் குடியிருப்பவர் அந்தத் தெருவுக்கு என்ன செய்ய வேண்டியிருக்கும் என்றும் கேட்டுவை. சிரிப்பார்கள், பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நான் அதை அடிக்கடி வாய்விட்டுச் சொல்வதில்லை, அதற்காக அது இல்லையென்று ஆகிவிடாது. நீ நினைத்த மாதிரி வீடு அமைந்து, நல்ல அக்கம்பக்கம் வாய்த்து, சந்தோஷமாக இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று. லீவுக்கு நீ வரப்போவதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எந்த முனையிலிருந்து வருவாய் என்று கையால் கேட்டார், டீக்கடை முனை என்று சொல்லியிருக்கிறேன், மாற்றிவிடாதே. டாக்சிக்காரர் அவசரப்படுவார், அந்த முனையிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கு. நிமிர்ந்து பார்த்தால் அப்பா நாற்காலியில் இருப்பார். எல்லோரும் கேட்பது மாதிரி நீயும் வரலாமா என்று கேள். அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார், கொஞ்சம் நேரமாகும், பொறுமையாக நில். அவர் வா என்று சொன்ன பிறகு வா.

இப்படிக்கு,
அம்மா