ஆரத்தி கரைத்து வைத்த நாள்

பங்குனி 9, ஞாயிறு
காலையிலேயே வெயில் சுள்ளென்று. கல்வராயன் மலைப் பக்கம் ஒரு துண்டு மேகம் இல்லை. உளுந்து பிடுங்கிக் களத்தில் போட்டாயிற்று. மோட்டார் காயில் மறுபடி போச்சு.

என் வீட்டுக்காரி பாஞ்சாலை வாசலில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புறங்கையின் வெள்ளைத் திட்டுக்குள் எள் தூவினாற்போல் பழுப்புப் புள்ளிகள். "நேத்து பதினொண்ணு. இன்னிக்கு பதிமூணு கீது, பாருங்க." திங்களும் வியாழனும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஊதா விளக்குப் பெட்டிக்குள் நிற்கிறாளே, அதன் பலனாம்.

வெயில் இங்கே சும்மா கொட்டுகிறது. அதைக் குழாய் விளக்கில் அடைத்து நிமிடக் கணக்கில் காட்டுகிறார்கள். இந்த ஊருக்கே மருந்து அரைத்தவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை, நானே படித்தது. கட்டியவள் மட்டும் என்னை நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை ரிஷிவந்தியத்தில், மாமியார் வீட்டில், மகள் கோமதிக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வர வேண்டும். அவள் கல்யாணத்தில் பாஞ்சாலை நீட்டிய தாம்பூலத்தைச் சம்பந்தியம்மாள் வாங்கவில்லை. "தட்டுல வெச்சிடுங்க." ஒட்டுகிற நோய் இல்லை என்று பத்து தரம் சொன்னேன். இந்தத் தடவை பாஞ்சாலை தன் கையால் மகளுக்குச் சந்தனம் பூச வேண்டுமாம். அதே பேச்சு.

ஐந்து நாளில் புள்ளிகள் சேர்ந்து தோல் நிறம் திரும்பாது. வெண்திட்டில் பூசி வெயில் காட்டக் கார்போகரிசி எண்ணெய் வடித்து வைத்திருக்கிறேன்.

பங்குனி 10, திங்கள்
"இன்னா, வாசனை வேற மாரி கீது?"
"பழைய தேங்கா எண்ணெய்மே. கையக் காட்டு."
என் முகத்தைப் பார்த்தாள். காட்டினாள். பூசி, பத்து நிமிடம் வெயிலில் உட்கார வைத்தேன். பிறகு பஸ்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கையில ஒண்ணும் தடவலையே?" இல்லை என்று பாஞ்சாலை தலையாட்டினாள். "பெரியவரே, நீங்க வெளிய நில்லுங்க." நின்றேன். கதவிடுக்கில் ஊதா வெளிச்சம்.

செவ்வாய்
கை சிவப்பு. எரிகிறது என்கிறாள். கற்றாழை வைத்தேன். வாங்க: டீத்தூள், வெற்றிலை, வளையல் இரண்டு டஜன்.

புதன்
கொப்புளம். இரண்டு கையும். புள்ளி ஒன்றும் தெரியவில்லை.
எண்ணெய் அளவு சரிதான். நான் படித்தது சூரிய வெயிலுக்கு. பெட்டி வெளிச்சமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அதில் இல்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

வியாழன்
நர்ஸ் கத்தினாள். "ஏம்மா, உனுக்கு எத்தினி வாட்டி சொல்றது? இன்னா தடவின?"
"ஒண்ணும் இல்லீங்க. வெயில்ல உளுந்து பொறுக்கினேன்."
எனக்காகத் திட்டு வாங்கினாள். பக்கத்தில்தான் நின்றேன். விளக்கு நிறுத்தம். கட்டுப் போட்டார்கள்.
பஸ்ஸில் அவள் பேசியது ஒன்றே: "வாசனை தெரிஞ்சுதாங்க கையக் காட்டுனேன்."

வெள்ளி
வெயில். அவள் வரவில்லை. "கட்டோட வந்தா பேசுவாங்க. கேட்டா சுடுதண்ணி கொட்டிச்சின்னு சொல்லுங்க." கோமதியைக் கூட்டி வர வாடகைக்கு எடுத்த காரின் பின் சீட்டில் அவளுக்காகத் தலையணை வைத்து அனுப்பினாள்.

சந்தனம் சம்பந்தியம்மாள்தான் முதலில் பூசினாள். கோமதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா எங்க நைனா?" சுடுதண்ணி என்றேன்.

சம்பந்தியம்மாள் சிரித்தாள். "ரெண்டு கையிலயுமா? நோவு முத்திப் போச்சுன்னு சொல்லுங்களேன். புள்ளத்தாச்சிய எப்படிங்க அனுப்பறது? இங்கியே பாத்துக்கறோம்."

நோவு இல்லை, என் எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதி என் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு காரில் ஏறினேன்.

வாசலில் பாஞ்சாலை. கட்டுப் போட்ட கையோடு ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். காருக்குள் குனிந்து பார்த்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆரத்தித் தண்ணீரை நான்தான் தெருவில் கொட்டினேன்.