காலையில் எரிந்த மெழுகுவர்த்தி

கொர்பியேர்,
நவம்பர் 12, 1983

அன்புள்ள மருமகள் சொலேனுக்கு,

நீயும் குழந்தை லோயிக்கும் பிரெஸ்ட்டில் உன் அம்மா வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே விடாத மழை என்று கேள்விப்பட்டேன். இங்கே ஒரு வாரமாகக் காற்று ஆளையே தள்ளுகிறது. நம் கியேமின் கல்லறையில் பூச்சாடி நிற்கவில்லை; ஒரு கல்லை அண்டக் கொடுத்திருக்கிறேன்.

வியாபாரி வந்து நம் தோட்டத்துப் புது ஒயினை ருசி பார்த்தார். "இதுல வேற ஊரு பேர ஒட்டினா மந்திரியே குடிப்பாரு. கொர்பியேர்னு போட்டா சமையக்காரி கறிக்கொழம்புல ஊத்துவா" என்று கிண்டலடித்தார். கரிஞான் திராட்சை இவ்வளவு நன்றாக விளைந்து பத்து வருஷமாகிறது. அவர் புகழ்ந்து ஊற்றிக் கொடுத்தும் நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

இனிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போலீசிடமும் பாதிரியாரிடமும் உன்னிடமும் நான் சொன்னது பொய்.

என் பிள்ளை கியேம் மெழுகுவர்த்தி பிடித்துப் பார்க்காமல் தானாக ஒயின் தொட்டிக்குள் இறங்கிவிட்டான் என்றேன். அப்படியில்லை அம்மா. ஒயினை வடித்த பிறகு அடியில் கிடந்த திராட்சைச் சக்கையை அள்ள வேண்டியிருந்தது. அதிலிருந்து விஷக்காற்று கசிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் மெழுகுவர்த்தியை உள்ளே இறக்கி, அணையாமல் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். காலையில் நான்தான் பார்த்தேன், எரிந்தது. பாதி அள்ளிவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்ததும் அவன் மறுபடி மெழுகுவர்த்தியை எடுத்தான்.

"அதான் காலைல பாத்தாச்சே, எத்தன தடவடா பாப்ப? கல்யாணம் ஆனதுலேருந்து உனக்கு உசுருமேல ரொம்ப ஆச வந்துடுச்சு" என்று சிரித்தேன். "உங்க வாய்க்கு யாருப்பா பதில் சொல்றது" என்று அதை வைத்துவிட்டு இறங்கினான். நாலு தரம்கூட அள்ளியிருக்க மாட்டான், மண்வெட்டி விழுந்த சத்தம் கேட்டது. பின்னாலேயே இறங்கப்போன என்னைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார். ஏன் இழுத்தார் என்று இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம்.

அடக்கத்தன்று நீ சவப்பெட்டிமேல் கைவைத்து, "ஒரு மெழுகுவத்தி கொளுத்த உனக்கு முடியலையா? எங்க ரெண்டு பேர் நெனப்பே வரலையா?" என்று கேட்டாய். பக்கத்தில்தான் நின்றேன். ஊரார் அவனை அசட்டுத் துணிச்சல்காரன் என்றபோது தலையாட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தாய். இதைப் படித்த பிறகு பிள்ளையை என் கண்ணில் காட்ட மனம் வராவிட்டால் வர வேண்டாம். நான் தப்பாக நினைக்கமாட்டேன். கேட்பது ஒன்றுதான். அவன்மேல் வைத்திருக்கும் கோபத்தை எடுத்து என்மேல் போடு. லோயிக் வளர்ந்து கேட்டால், உன் அப்பா நம்மை நினைத்துத்தான் மறுபடி மெழுகுவர்த்தியை எடுத்தார், தாத்தாதான் சிரித்து இறக்கிவிட்டார் என்று சொல்.

தாயும் பிள்ளையும் நன்றாக இருங்கள். கீழே உன் மாமா என்று எழுத எனக்கு முகமில்லை.

ஃபெர்னான்