வலது கீழ் மூலை

2.9.2024, திங்கள்

முழங்கால் வீக்கம் குறையவில்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் நெட் ஐகானைக் காணோம். மணி இருக்கிறது, தேதி இருக்கிறது. அது மட்டும் இல்லை. அணைத்துப் போட்டேன். அப்போதும் இல்லை.

என் தம்பி வாஞ்சிநாதன் இந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து வைத்தபோது ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தான்: ‘முதலில் மூலையைப் பார். ஐகான் இருந்தால் நெட் உண்டு. இல்லாவிட்டால் எதையும் தொடாதே.’ முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குச் சொல்லும் லட்சணம் இது. ஆனாலும் தொடவில்லை.

3.9.2024

வாஞ்சிக்குப் போன் செய்தேன். என்னுடையது பட்டன் போன், பேச மட்டும்தான். “மீட்டிங்ல இருக்கேன்க்கா. மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.” பண்ணினேன். பலன் இல்லை.

5.9.2024

கேபிள்காரர் மீரா உசேன் வந்து பார்த்தார். “பொட்டில பச்சை லைட்டு எரியுதும்மா. எங்க லைன் நல்லாத்தான் இருக்கு.” போய்விட்டார். எல்லாரும் அவரவர் பக்கம் சுத்தம்.

8.9.2024, ஞாயிறு

பன்னிரண்டாம் தேதி அப்பாவின் தெவசம். வாஞ்சி பெங்களூரில் செய்கிறான். இந்தக் காலை வைத்துக்கொண்டு வலங்கைமானிலிருந்து நான் அவ்வளவு தூரம் போக முடியாது. வீடியோவில் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பெண் தெவசம் செய்யக்கூடாது, சரி. பார்க்கவாவது வேண்டாமா? பிண்டம் வைக்கும்போது அப்பா பெயரைச் சொல்வார்கள். அதைக் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். படுத்த படுக்கையாக ஒன்பது வருஷம் கிடந்தவருக்குப் பீ மூத்திரம் எடுத்தவள் நான்.

இரண்டு தெரு தள்ளி எழில்மொழி இருக்கிறாள். நான் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். ஒரு வார்த்தை சொன்னால் வந்து பார்ப்பாள். அவள் தாத்தா காத்தான் எங்கள் தாத்தா வயலில் கூலி வேலை செய்தவர். அப்பா விற்ற நிலத்தில் பாதி இன்று அவர்களுடையது. “அவாளையெல்லாம் ஆத்துக்குள்ள விடாதே” என்று போன தடவை வாஞ்சி சொல்லிவிட்டுப் போனான். தெவச சமயத்தில் அவன் மனம் கோணக்கூடாது என்று கூப்பிடவில்லை. இந்த வயதில் தம்பிக்குப் பயம். வெட்கமாக இருக்கிறது.

12.9.2024, வியாழன்

ஏழரைக்குள் குளித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வீடியோ கூப்பிடும் செயலி தானாகத் திறந்துகொண்டது. திறந்து என்ன? மூலையில் ஐகான் இல்லையே. எதையும் தொடாமல் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெவசம் முடிந்தது என்று தெரியாமல் சாப்பிடக்கூடாது. வாஞ்சி போனையும் எடுக்கவில்லை. மூன்றரைக்குத் தலை சுற்றியது, மோர் குடித்தேன்.

ஆறு மணிக்கு அவனே கூப்பிட்டான். “நாலு தடவை வீடியோல ட்ரை பண்ணினேன்க்கா. உன் சைடுல நெட்டே இல்லை. நான் என்ன பண்றது?”

“என் தப்புதான்டா, மன்னிச்சுக்கோ” என்றேன்.

13.9.2024

மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “சரி விடுக்கா” என்றான், பெரிய மனசு பண்ணி.

21.9.2024, சனி

இனி யார் மனம் கோணினால் என்ன? எழில்மொழிக்குச் சொல்லி அனுப்பினேன். “வயல்ல நடவுங்க டீச்சர், அதான் லேட்டு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். செட்டிங்ஸுக்குள் போய் ஐகான்களின் பட்டியலைத் திறந்தாள். ‘நெட்வொர்க்’ என்பதற்கு எதிரே ஒரு சின்ன சுவிட்ச், ஆஃபில் இருந்தது. தட்டினாள். ஐகான் வந்துவிட்டது.

“இவ்ளோதாங்க டீச்சர். எப்பவோ கை பட்டிருக்கும். ஐகான்தான் மறைஞ்சு போச்சு. நெட் எப்பவும் இருந்துச்சு.”

“எப்பவும்னா?”

செயலியைக் காட்டினாள். “இந்தா பாருங்க, பன்னெண்டாம் தேதி காலைல எட்டேகாலுக்கு நம்ம ஸ்கூல்ல இருந்த பிரகதாம்பாள் டீச்சர் உங்களுக்குப் பூப்படம் அனுப்பியிருக்காங்க. அப்பவே வந்து இறங்கியிருக்கு.”

“அன்னிக்கு வாஞ்சி கூப்பிட்டது இருக்கா பாரும்மா. நாலு தடவை.”

மேலும் கீழும் தேடினாள். “கூப்பிட்டு நீங்க எடுக்கலைன்னா செவப்பா நிக்கும் டீச்சர். அவர் பேர்ல ஒண்ணுமே இல்லையே.”

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு நடவு பார்க்கப் போனாள்.

22.9.2024

நாலு தடவையாம். மறந்துட்டேன்னு சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? ஐகான் காணோம், ஐகான் காணோம்னு நானே அவனுக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்திருக்கேன். அது பரவாயில்லை. ரெண்டு நாள் நான் அழுது மன்னிப்புக் கேட்டேனே, அதையும் கூசாம வாங்கிண்டானே பாவி! 

தெவசம் நடந்ததா என்பதே இப்போது எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். கேட்டால் நடந்தது என்பான்.

4.10.2024

மழை. எழுத ஒன்றும் இல்லை.

7.11.2024, வியாழன்

காலையில் பிரகதாம்பாளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். முடித்ததும் வாஞ்சி போனில் வந்தான். குரலில் தேன் ஒழுகியது.

“அக்கா, ஞாயித்துக்கிழமை ஸ்ம்ருதிக்கு நிச்சயதார்த்தம். ஆரத்தி எடுக்கறச்சே அத்தைதான் பாடணும்னு உன் மருமாள் ஒத்தக்கால்ல நிக்கறா. பிள்ளையாத்துலயும் அத்தை எங்கேன்னு கேக்கறா. வீடியோல வந்து பாடிடேன். நெட் சரியாயிடுத்தா?”

“இல்லைடா. அந்த ஐகான் இன்னும் வரலை” என்றேன்.

 “சரிக்கா, அவகிட்டச் சொல்லிடறேன்” என்று வைத்துவிட்டான்.

அவன் பெண் ஸ்ம்ருதி, பிறந்த புதிதில் பத்து நாள் என் மடியிலேயே தூங்கினாள். அவள் எனக்கு என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. திரும்பக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லலாமா என்று அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.